சாம்பலுக்குள் ஆறிய மெஷின் கால்

மகன் இறந்த செய்தி வந்தபோது அந்த அக்கா கையிலிருந்த நெருப்பை அணைக்கவில்லை. நெருப்பில் இருந்தது என்னுடைய தையல் மெஷினின் கால்.

ஊரில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்கிற யாரும் அந்த நேரம் கொட்டகைக்குள் இல்லை. நான் இருந்தேன். அவருடைய காதில் போனை வைத்துப் பிடித்திருந்ததே நான்தான்.

கந்தப்பளையிலிருந்து ராகலை போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி என் தையல் கடை, மறுபாதி அவருடைய வெல்டிங் கடை. நடுவில் பலகை அடித்த சுவர். பலகைக்குப் பலகை இருந்த இடைவெளியில் அவருடைய நெருப்பின் வெளிச்சம் என் துணிகளின் மேல் நீலக் கோடுகளாக விழும். பின்பக்கம் இரண்டு காம்பரா; அதுதான் அவருடைய வீடு. அங்கே அவரும் மகளும் இருந்தார்கள். மகன் கொழும்பில் கட்டட வேலை. கணவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் மெக்கானிக்காக இருந்து, பிறகு இந்தக் கடையைப் போட்டவர். அவர் இறந்ததும் கடையை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரியம் முடிந்த மறுவாரமே இந்த அக்கா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அது தேவைப்படவில்லை. "வெல்டிங் அக்கா" என்றால் ராகலை வரைக்கும் தெரியும்.

குள்ளமான, அகலமான உருவம். சேலைக்கு மேலே கணவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருப்பார். அவர் பக்கத்தில் நின்றால் பூண்டு வாசம் அடிக்கும். சமைக்கிற பூண்டு இல்லை. காபைட் கல்லின் வாசம். மூலையில் ஒரு இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் சாம்பல் நிறக் காபைட் கற்களைப் போட்டு, மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கவிடுவார். கல் கொதித்து வாயு விடும். அந்த வாயுவும் சிலிண்டரிலிருந்து வருகிற ஒக்சிஜனும் இரண்டு ரப்பர் குழாய்களில் வந்து, அவர் கையிலிருக்கும் வெல்டிங் குழாயில் சேர்ந்து எரியும். கல் கரைந்து மிஞ்சுகிற வெள்ளைச் சேற்றை, தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்கள் வாளியில் வாங்கிப்போய்ச் சுவருக்கு அடிப்பார்கள்.

புகை அவருக்கு ஆகாது. காபைட் வாயுவைத் தனியாகப் பற்றவைத்தால் மஞ்சளாக எரிந்து, கறுப்பு நூல் நூலாகக் கரி பறக்கும். அந்த நூல் என் வெள்ளைத் துணியில் விழுந்தால் சவர்க்காரம் போட்டாலும் போகாது. அதனால் கொட்டகை வாசலுக்கு வெளியே போய்த்தான் பற்றவைப்பார். முதல் நூல் கிளம்பும்போதே ஒக்சிஜன் சாவியைத் திருப்பிவிடுவார். நெருப்பு சுருங்கி, நுனியில் நீல மொட்டு நிற்கும். பிறகுதான் உள்ளே வருவார். அணைக்கும்போதும் வாயுவை முதலில் மூடுவார், ஒக்சிஜனைப் பிறகு. அப்படி மூடினால் கரி வராதாம். பக்கத்திலேயே இத்தனை வருடம் தைத்திருக்கிறேன், ஒரே ஒரு நாளைத் தவிர அவருடைய நெருப்பிலிருந்து ஒரு நூல் என் பக்கம் வந்ததில்லை.

அவரிடம் பிள்ளைகளிலிருந்து லொறி டிரைவர்கள் வரைக்கும் எல்லோரையும் எரிச்சல்படுத்துகிற ஒரு குணம் இருந்தது. சூடாக இருக்கிற எதையும் அவசரமாக ஆறவிடமாட்டார்.

வார்ப்பிரும்புச் சாமான்தான் அவரிடம் அதிகம் வரும். பம்பின் காது, அடுப்பின் வாய், தராசின் கை. தட்டினால் ஒடிகிற சாதி இரும்பு. உடைந்த இடத்தை மட்டும் சூடாக்கினால் இன்னொரு இடத்தில் விரிசல் விடும் என்பதால், சாமான் முழுவதையும் கரி நெருப்பில் வைத்து மங்கிய சிவப்பு வரும் வரை காயவைப்பார். அந்தச் சூட்டிலேயே வைத்து ஒட்டுவார். ஒட்டி முடித்ததும் இடுக்கியால் தூக்கி, சாம்பல் நிறைந்த பெரிய பீப்பாய்க்குள் புதைத்து, மேலே இன்னும் சாம்பல் கொட்டி, தகர மூடியைப் போட்டு, அதன் மேல் ஒரு கல்லையும் வைப்பார். பிறகு யார் வந்தாலும் ஒரே பதில்.

"ஆறட்டும்."

ஒரு தடவை லீக்ஸ் மரக்கறி போடுகிற தோட்டத்துக்காரர் ஒருவர், சிங்களவர், தண்ணீர் பம்பைக் கொண்டு வந்தார். வெயில் காலம், பாத்தி காய்கிறது.

"அக்கே, இக்மன் கரன்ன! சீக்கிரம், சீக்கிரம்!" என்று நின்ற இடத்தில் குதித்தார்.

"இக்மன் பே, மல்லி. அவசரம் முடியாது, தம்பி. உக்காருங்க, பிளேன்டீ குடிங்க."

"இன்னிக்கு வேணும் அக்கே!"

"இன்னிக்குத் தந்தா நாளைக்குத் திரும்பக் கொண்டு வருவீங்க. நாளைக்கு மறுநாள் தந்தா என்னைய மறந்துருவீங்க. எது வேணும்?"

அந்த ஆள் சிரித்துவிட்டார். ஆனாலும் அக்கா உள்ளே போன நேரம் பார்த்து ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறப் போனார். எங்கிருந்து வந்தாரோ தெரியாது, இடுக்கி அவருடைய மணிக்கட்டில் டக்கென்று விழுந்தது. "கொதிக்கிற பானைக்குள்ள கைய விடுவீங்களா?" என்றார் அக்கா. அந்த மனிதர் கையைத் தடவிக்கொண்டே பிளேன்டீ குடித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பேக்கரி அடுப்பின் கதவு ஒன்று சாம்பலுக்குள்ளேயே விரிந்துபோனது. மறுபடி ஒட்டினார், மறுபடியும் விரிந்தது. பேக்கரிக்காரருக்கு வேறு கதவு தேடிக் கொடுத்துவிட்டு, அந்த உடைந்த கதவை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஏன் என்று மகள் கேட்டதற்கு, "எங்க தப்புன்னு தெரியல. தெரியிற வரைக்கும் கிடக்கட்டும்" என்றாராம்.

மனிதர்களிடமும் அப்படித்தான். ஒரு முறை ஒரு வாடிக்கைக்காரப் பெண் ஜாக்கெட் கை இறுக்கம் என்று ரோட்டில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வராது. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சொன்னார்: "நல்லதாப் போச்சு, நீ பேசல. சூட்டோட பதில் சொன்னா ஒடிஞ்சிரும்." மறுநாள் அந்தப் பெண்ணே வந்து கையைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள்.

ஆனால் மகள் விஷயத்தில் அது நல்லதாகப் போகவில்லை. ஹட்டனிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனை மகளுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே பதில் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அக்கா, "ஆறட்டும்ங்க, ரெண்டு மாசம் போகட்டும்" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மகள் என் கடைக்கு வந்து துணி மடித்தபடி சொன்னாள்: "அம்மாவுக்கு நானும் ஒரு ஒடஞ்ச இரும்புதான் அக்கா. சாம்பலுக்குள்ள போட்டு மூடிட்டாங்க."

மகன் அப்படி இல்லை. அம்மாவின் குணத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத்தான். கொழும்புக்குப் போவதற்கு முன் தொழில்நுட்பக் கல்லூரியில் ஏதோ கோர்ஸ் படித்தான். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது ஒரு காபைட் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் குந்தினான். நான் இந்தப் பக்கம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குள்ள என்னா இருக்கு சொல்லுங்க பாப்போம்?"

"கல்லு."

"கரிம்மா. சுண்ணாம்பு அத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தண்ணி பட்டா சுண்ணாம்பு பிடிய விட்டுரும். கரி வாயுவுல ஏறி வெளிய வந்துரும்."

"அப்ப அந்தப் பூண்டு வாசம்?"

"அது கல்லுல இருக்கிற அழுக்கு."

"அடேய், அழுக்கா! இத்தன வருசமா அந்த வாசத்துலதான்டா உனக்குச் சோறு போட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஒடிந்த வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றை எடுத்தான். "இதுக்குள்ளயும் அதே கரிதான். உருகுன இரும்ப சட்டுனு ஆறவச்சா, இரும்பு கரிய இறுக்கிப் பிடிச்சுக்கும். அதுக்கும் காபைட்டுன்னுதான் பேரு, இரும்புக் காபைட்டு. கண்ணாடி மாதிரி இருக்கும், அரம் போட்டா வழுக்கும். மெல்ல ஆறவிட்டா இரும்பு பிடிய விட்டுரும். கரி தனியா ஒதுங்கி, இதழ் இதழாப் படிஞ்சிரும். பென்சிலுக்குள்ள இருக்கே, அந்தக் கரி. அப்புறம் இரும்பு ஒடியாது, அரமும் பிடிக்கும்."

"இதத்தான் உங்கப்பா 'மெல்ல ஆறவிடு'ன்னு ரெண்டு வார்த்தையில சொன்னாரு. நீ படிச்சிட்டு வந்து இம்புட்டு நீளமாச் சொல்ற."

"அப்பா ஏன்னு சொல்லலையே."

"ஆமா. ஏன்னு சொல்லல" என்றார் அக்கா. அந்தத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கி, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவருடைய பேச்சில் மூன்று பெயர்கள் சேர்ந்துகொண்டன. பறக்கிறது நூல் கரி. ஒடிகிறது கண்ணாடிக் கரி. நிற்கிறது பென்சில் கரி. வருகிறவர்களிடம் எல்லாம், "எல்லாம் ஒரே கரிதான், நாம எப்படி ஆறவிடுறோம்ங்கிறதுதான்" என்பார். "எங்க தம்பி சொன்னான்" என்று சேர்த்துக்கொள்வார். மகனை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் பாடசாலைச் சீருடை தைக்கிற நேரத்தில் என் மெஷின் கால் உடைந்தது. ஒரு கல்யாண வீட்டில் வைத்துத் தைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போது, வளைவில் கயிறு அவிழ்ந்து மெஷின் ரோட்டில் விழுந்தது. மெஷினின் தலைப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடி வேலைப்பாடு போட்ட வார்ப்பிரும்புக் கால் இரண்டு துண்டானது. கால் இல்லாமல் மிதிக்க முடியாது. என் கணவர் இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் படுத்திருந்த காலம் அது. வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான்.

அக்காவிடம் கொடுத்தால் நாட்கள் போகும் என்று பயந்து, நுவரெலியாவில் ஒரு கரண்டு வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். தேநீர் குடிக்கிற நேரத்தில் ஒட்டித் தந்துவிட்டார்கள். மறுநாள் காலை கடையைத் திறந்து துணியை எடுக்கிறேன், 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மயிர்க்கோடு மாதிரி விரிசல். கை வைத்ததும் இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

அக்கா வந்து பார்த்தார். உடைந்த முகம் வெள்ளையாக மினுங்கியது. அரத்தை வைத்து இழுத்தார், வழுக்கியது.

"கண்ணாடிக் கரி. என்கிட்ட வந்தா நாளாகும்னு பயந்து போனியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த வெல்டிங்காரன் மேலயும் குத்தமில்ல. எல்லாரும் அவன அவசரப்படுத்துறாங்க." பிறகு துண்டுகளைப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கண்ணாடியெல்லாம் வெட்டி எடுத்துட்டுத்தான் ஒட்டணும். இதுலயும் விரிஞ்சா இன்னொரு தடவ ஒட்ட இரும்பு மிச்சமில்ல புள்ள. அதத் தெரிஞ்சுக்க."

அன்று மதியத்துக்குப் பிறகு ஆரம்பித்தார். வெளியே மழைத் தூறல், திரை போட்டது போல் மூடுபனி. கரிக் குழியில் கால் மங்கிச் சிவந்து கிடந்தது. நான் பக்கத்தில் நின்று, கேட்கும்போது கம்பி எடுத்துக் கொடுத்தேன். உடைந்த இடத்தில் ஒரு பாதி ஒட்டியாகிவிட்டது. பலகை மேல் இருந்த அவருடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும்.

"எடுத்துக் காதுல வையி. யாருன்னு பாப்போம்."

நான் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பையன். போன் சத்தமாகப் பேசுகிற பழைய போன். எனக்கும் எல்லாம் கேட்டது.

"அம்மா... நான் தம்பியோட வேல செய்றவன் பேசுறேன். தம்பி மேலருந்து விழுந்துட்டான் அம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம்... முடியலம்மா. போயிட்டான்."

அக்காவின் கையில் நெருப்பு அப்படியே நின்றது.

அந்த நேரத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். அவருடைய பெருவிரல் சாவிக்குப் போனது. வாயுச் சாவிக்கு இல்லை, ஒக்சிஜன் சாவிக்கு. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் செய்கிற தவறு. நீல மொட்டு கரைந்து, நெருப்பு மஞ்சளாக நீண்டது. கறுப்பு நூல்கள் கிளம்பிக் கொட்டகை முழுவதும் மிதந்தன. என் கையில் விழுந்தன, அவருடைய நரைத்த தலையில் விழுந்தன.

பிறகு அதே பெருவிரல் சாவியைத் திருப்பித் திறந்தது. நெருப்பு மறுபடி நீலமானது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டார். "ம்" என்றார். "அவன் பக்கத்துல யாராவது இருங்க. இங்கருந்து ஆள அனுப்புறேன்" என்றார். என்னிடம், "வையி" என்றார்.

போனைப் பலகை மேல் வைத்தேன். "அக்கா, நிப்பாட்டுங்க அக்கா" என்று சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை.

"இன்னும் நாலு விரல் இருக்கு. கையில இருக்கிறத முடிச்சிட்டுப் போறேன். கம்பி."

நான் கொடுத்தேன். அந்த நாலு விரல் நீளத்தையும் அவர் ஒட்டினார். ஒரு தடவைகூட கை நடுங்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முடித்ததும் இடுக்கியால் தூக்கி, சாம்பலில் புதைத்து, மூடியைப் போட்டு, கல்லை வைத்தார். வாயுவை முதலில் மூடினார். ஒக்சிஜனைப் பிறகு மூடினார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"யாரையும் கிளற விடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மகளின் அலறல் கேட்டது.

மாலைக்குள் லயமே அங்கு வந்துவிட்டது. பெட்டி கொழும்பிலிருந்து மறுநாள்தான் வரும். வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று வீட்டு அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளினார்கள். தேத்தண்ணி பக்கத்து லயத்திலிருந்து வந்தது. அப்போது அக்காவின் கணவருக்கு அண்ணன், பழைய கங்காணி, கொட்டகைப் பக்கம் வந்து பீப்பாயின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடு.

"என்னா இது, நெருப்ப உள்ள வச்சிருக்கு? பொணம் வர்ற வீட்டுல இது கிடக்கலாமா? டேய், வாளியக் கொண்டு வாங்கடா."

தண்ணீர் வந்தது. பெரியவர் கல்லைத் தூக்கிக் கீழே வைத்து, மூடியையும் தள்ளிவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன். வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, உனக்கென்ன? விடும்மா" என்று அவர் இழுக்க, நான் விடாமல் பிடிக்க, தண்ணீர் என் சேலையில் கொட்டியது. அந்தக் கால் போனால் என் வீடு என்னாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நின்று, என் மெஷின் காலைக் காப்பாற்றுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அதுவரை அக்கா உள்ளே சுவரில் சாய்ந்து, ஒரு சொல் பேசாமல், ஒரு சொட்டு அழாமல் இருந்தார். பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கியும் வாய் திறக்கவில்லை. அவர் அன்றைக்கு எழுப்பிய முதல் சத்தம் இதுதான்.

"தண்ணிய வைங்க மச்சான்!"

ஒப்பாரி நின்றுவிட்டது. அவர் எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்புள்ள ஆறிட்டான் மச்சான். அது இன்னும் ஆறல. அத விடுங்க."

பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். நான் மூடியைத் திரும்பப் போட்டுக் கல்லை வைத்தேன். இப்படியும் ஒரு தாய் சொல்வாளா என்று ஒரு பெண் வாயில் கை வைத்தாள். தாயின் பின்னால் நின்றிருந்த மகள் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். யாரோ தெரியாதவரைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

மறுநாள் பெட்டியோடு வந்த பையன், தான் எத்தனை மணிக்குப் போன் பண்ணினேன் என்று சொன்னான். அந்த நேரத்துக்குப் பிறகும் கொட்டகையில் நெருப்பு எரிந்ததை ரோட்டில் போனவர்கள் பார்த்திருந்தார்கள். அவ்வளவுதான், கல் நெஞ்சுக்காரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. தப்பு மேளச் சத்தத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அக்கா அழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, ஈரத் தலையோடு அவர் கொட்டகைக்கு வந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த இரண்டு நாளும் பகலில் வேறெங்கும் போகவில்லை. மூடியை எடுத்து, சாம்பலுக்குள் கையை விட்டு, காலைத் தூக்கினார். வெறும் கையால் தூக்கினார். காலில் விரிசல் இருந்தால், மகனுக்காகக்கூட அணைக்காத அந்த நெருப்பு எதற்கு எரிந்தது? ஊர் சொல்வது மட்டும்தான் மிஞ்சும்.

காலைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். உடைந்த இரும்பு செத்த சத்தம் போடும். இது போடவில்லை. நீளமாக முழங்கி, மெல்ல அடங்கியது. பிறகு அரத்தை எடுத்து ஒட்டின இடத்தில் இழுத்தார். வழுக்கவில்லை, பிடித்தது. கறுப்புத் தூள் உதிர்ந்தது. அதை விரலில் தொட்டு, பலகைச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். பென்சில் கோடு மாதிரி விழுந்தது.

"தம்பி சொன்னது சரிதான்" என்றார்.

அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கோடு மறையும்படி மூடிக்கொண்டு நின்றார். நான் என் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் இலை போட்டுக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்தாள்.

"உங்க மெஷின் கால் நல்லா இருக்கா அக்கா? ஓடுதா?"

அவள் கேட்ட விதம் அறைந்தது போல் இருந்தது. வீங்கிய கண். உங்கள் அம்மா நல்லவர் என்று சொல்லலாம். அது அவளுக்குத் தேவையில்லை. கடைசியில் நான் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"அன்னைக்குப் புகை வந்துச்சும்மா."

"என்னா?"

"போன் வந்தப்ப. அம்மா ஒக்சிஜன முதல்ல மூடிட்டாங்க. கொட்டகை பூரா நூல் கரி."

அவள் அந்தக் கொட்டகையிலேயே வளர்ந்தவள். அம்மாவின் நெருப்பு புகையாது என்பது அவளுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்தாள். இலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தாயிடமும் அதிகம் பேசவில்லை.

சில வருடங்களில் அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம் நடந்து ஹட்டன் பக்கம் போனாள். அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்து வேலை செய்ய முடியாமல் போனதும், அவளே வந்து கூட்டிக்கொண்டு போனாள். கொட்டகையின் அந்தப் பாதியில் இப்போது மரக்கறி மூட்டை அடுக்குகிறார்கள். என் மெஷினில் அந்த ஒட்டு, விரல் தடிப்பில் ஒரு தழும்பு மாதிரி இருக்கிறது. தைக்க வருகிற பிள்ளைகள் தடவிப் பார்ப்பார்கள்.

போன மாதம் ஒரு காலை, வெள்ளைச் சட்டை ஒன்றுக்குப் பக்கத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அக்கா, நான்தான்." மகளின் குரல். "அம்மா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாங்க. அவ்வளவுதான்."

என் கால் நிற்கவில்லை. மிதி போய்க்கொண்டே இருந்தது. துணி ஊசிக்குக் கீழே நகர்ந்துகொண்டே இருந்தது. நான்தான் மிதிக்கிறேன் என்பது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை.

அந்தப் பக்கம் அவள் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது... அந்த மெஷினா?"

"ம்."

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

நான் அவமானத்தோடு காலைத் தூக்கப் போனேன்.

"நிப்பாட்டாதீங்க அக்கா," என்றாள். "கையில இருக்கிறத முடிச்சிட்டு வாங்க."

சட்டையின் ஓரம் வரை தைத்தேன். நூலை அறுத்தேன். பிறகுதான் எழுந்து, ஹட்டன் பஸ்ஸுக்குப் போனேன்.